நான் கேட்டது மான்கொம்பு

ஜமுக்காளத்தின் மேல் ஆயுதங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். இடது ஓரத்தில் கம்பு. அடுத்து வேல்கம்பு, குத்துவாள், நீள வாள், சுருட்டி வைத்த சுருள்வாள், கடைசியில் மான்கொம்பு. எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டிருந்ததால் தேங்காயெண்ணெய் வாசனையும் புதுநெல் வாசனையும் கலந்து வந்தன.

நெல் வாசனைக்குக் காரணம் இருக்கிறது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில்தான் எங்கள் சிலம்ப வகுப்பு. குறுவை அறுவடை சமயம். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லை யாரோ கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். முக்கால் களம் நெல்லுக்கு, மிச்சம் எங்களுக்கு. நெல்லை மிதித்தால் காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண் கத்துவார்.

“எல்லாத்தையும் தொட்டுப் பாருங்கக்கா. தூக்கிப் பாருங்க. எது கைக்குப் புடிக்குதோ சொல்லுங்க” என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் என்றதும் முறுக்கு மீசை வைத்த ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழரசிக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூடுதல். மற்ற நாட்களில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு மாஸ்டர். நாங்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி என்று ஆளுக்கு ஒன்றை வளர்த்து வைத்திருப்பவர்கள். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பெண் சொன்னபடி குனிந்து தரையைத் தொட்டு வணங்கினோம்.

என்னோடு வேலை பார்க்கும் ராஜேஸ்வரி நேராக நீள வாளிடம் போனார். அதை ஓங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் படம் எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிவிட்டதாக மறுபடியும் எடுக்கச் சொன்னார். அதற்குமேல் அவருக்கு வாளோடு வேலை இருக்கவில்லை.

நான் மான்கொம்பை எடுத்தேன்.

இரண்டு கொம்புகளை எதிரும் புதிருமாகச் சேர்த்து நடுவில் கைப்பிடி வைத்தது அது. நிஜக் கொம்பை இப்போதெல்லாம் யாரும் வைத்துக்கொள்ள முடியாது. மரத்தில் கடைந்து கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கையில் பிடித்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வருகிற அடியை வாங்கித் தள்ளுவதுதான் அதன் முதல் வேலை, குத்துவதெல்லாம் அப்புறம். அது எனக்குப் பிடித்திருந்தது.

“எனக்கு இதுதான் மாஸ்டர்.”

“நல்ல ஆயுதம்க்கா. ஆனா அது பின்னாடி. ஆரம்பம் எல்லாருக்குமே கம்புதான்.”

“அப்ப எதுக்குத் தொட்டுப் பாக்கச் சொன்னீங்க?”

“ஆசை எதுலன்னு தெரிஞ்சிக்கத்தான்” என்று சிரித்தார். “காலடி, நாலு பக்கமும் கால் மாத்தி வீடு கட்டறது, எதிராளி எவ்வளவு தூரத்துல நிக்கிறான்னு கண் அளக்கறது எல்லாம் கம்புலதான்க்கா வரும். அது வராம எதை எடுத்தாலும் நம்ம கையைத்தான் நாம கிழிச்சிக்குவோம்.”

பிறகு விதிகளைச் சொன்னார். ஆளுக்கு ஒரு பிரம்பு வாங்கிக்கொள்ள வேண்டும். தரையில் ஊன்றினால் அவரவர் புருவ மத்தி வரைக்கும் வர வேண்டும். இன்னொருவர் கம்பில் ஆடக்கூடாது. எண்ணெய் தடவி, வீட்டுக்குள் தினமும் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். விஜயதசமியன்று அதைக் கொண்டுவந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு வராதவர்களுக்கு அடுத்த வருஷம்தான்.

“எங்க வீட்டுக்குள்ள கம்பு வராது மாஸ்டர்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. ராஜேஸ்வரி போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

தொரட்டி இல்லாத வீடு

இதை விளக்க வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்த தெரு, பண்ணையில் வேலை செய்தவர்களின் தெரு. இப்போது அங்கே கான்கிரீட் வீடுகள் இருக்கின்றன. நர்ஸ் இருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்ப்பவர் இருக்கிறார், கணக்கு டீச்சராக நான் வந்தேன். ஆனால் எங்கள் அப்பா வாலிபத்தில் பண்ணையாள். காலையில் இருட்டோடு போய் மாட்டுக்கொட்டகை கூட்டியவர்.

எங்கள் வீட்டில் கம்பு, கழி, குச்சி எதுவும் கிடையாது. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கும். பறிக்கத் தொரட்டி இருக்காது. அம்மா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, பறித்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பா வரும்போது அது சுவரில் சாய்ந்திருக்கக்கூடாது. ஆட்டை அப்பா துண்டை வீசித்தான் ஓட்டுவார். ஒருமுறை வீட்டுக்குள் சாரைப்பாம்பு வந்தபோது, தெருவே தடியோடு ஓடி வந்தது. அப்பா அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியே அதை வெளியே விரட்டினார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

கொஞ்சம் விவரம் தெரிந்த வயதில் அம்மாவிடம் காரணம் கேட்டேன். “பண்ணைக் களத்துல ஒரு நாளு நடந்தது. அதை அப்பாகிட்ட கேக்காத” என்றார். அம்மா இறக்கும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் கம்பைப் பற்றிய கதைகள் எல்லாம் ஒரே கதைதான். யாரோ ஓங்கினார்கள், எங்கள் ஆட்களில் ஒருவர் வாங்கினார். தாமதமாக வந்ததற்கு, துண்டைத் தோளில் போட்டதற்கு, எதிர்த்துப் பேசியதற்கு. அப்பாவின் கதையையும் நானே எழுதி முடித்துக்கொண்டேன். களத்தின் நடுவில் அப்பா நிற்கிறார், சுற்றிலும் ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், அடி விழுகிறது. இந்தக் காட்சியோடுதான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். வகுப்பில் பிரம்பைத் தொட்டதில்லை. யாராவது தொட்டால் சண்டைக்குப் போவேன்.

சிலம்பத்துக்குப் போனதற்கு நான் வெளியே சொன்ன காரணம் தோள்பட்டை. வலது தோள் இறுகிப்போய், கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியாமல் ஆகிவிட்டது. குழந்தைகள் “டீச்சர், மேல எழுதுங்க, பின்னாடி தெரியலை” என்பார்கள். கையைச் சுற்றினால் சரியாகும் என்று ராஜேஸ்வரி இழுத்துப் போனார்.

உள்ளே இருந்த காரணம் கோபம். அப்பாவின் மேல் விழுந்த அந்த அடிக்கு நடுவில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆத்திரம் உண்டு. அடிக்க எனக்கு ஆசை இல்லை, தடுக்கத்தான் ஆசை. கை தானாக மான்கொம்புக்குப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கூடத்தின் நடுவில்

அந்தச் சமயத்தில் வீட்டில் வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்பா என்னோடுதான் இருந்தார். என் கணவர் மஸ்கட்டில், மகள் கோவையில் படிப்பில். கோடையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். வாக்கர் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் நுழையாது. அகலம் போதாது.

“இனிமே கைத்தடி பிடிச்சு நடக்கட்டும். இன்னொரு தடவை விழுந்தா எழுந்து நடக்கறது கஷ்டம்” என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் வாங்கி வந்த கைத்தடியை அப்பா தொடவில்லை. “கடையில திருப்பிக் குடுத்துடு பாப்பா” என்றார். அவ்வளவுதான்.

கட்டிலிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். கூடத்தின் நடுவில் பிடிக்கச் சுவர் கிடையாது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எதிர்ச்சுவருக்குப் போவார். பள்ளிக்கூடத்தில் போன் அடித்தாலே வீட்டிலிருந்துதானோ என்று பயம்.

மனிதர் விழுந்து சாகத் தயாராக இருந்தார், கம்பைப் பிடிக்கத் தயாராக இல்லை.

இந்த நிலைமையில் நான் சிலம்பக் கம்பு வாங்கி வந்து வீட்டில் வைப்பது எப்படி? ஆனாலும் வாங்கினேன். அடுத்த ஞாயிறு கும்பகோணத்தில் நல்ல பிரம்பாகப் பார்த்து, புருவத்துக்கு அளந்து நறுக்கி, ஸ்கூட்டரில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகையில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி உள்ளே வந்தேன். ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அப்பா. அந்த ஜன்னலிலிருந்து தெருமுனை வரைக்கும் தெரியும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

“சிலம்பத்துல எதை எடுத்தே?” என்றார்.

தெரியவந்தால் ஏன் எடுத்தாய் என்றுதான் கேட்பார் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

“மான்கொம்புதான் கேட்டேன். முதல்ல கம்புதான்னு சொல்லிட்டாங்க.”

“சரியாத்தான் சொல்லியிருக்காங்க. மான்கொம்பு, கிட்ட வந்துட்டவனுக்கு. கிட்டயே வரவிடாம நிறுத்தறது கம்பு. அது தெரியாம மான்கொம்ப வச்சிக்கிட்டு என்ன பண்றது.”

நான் கையிலிருந்த சாவியைக்கூட வைக்காமல் நின்றேன்.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“ஆடியிருக்கேன்” என்றார்.

அப்பா சொன்னது

அப்பா பேச்சில் சிக்கனம். அன்றைக்கு மட்டும் நிறுத்தி நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அப்பல்லாம் நம்ம தெருவுல வயசுப் பசங்க எல்லாருமே பழகுவோம். பொங்கலுக்கு ஆடுவோம், சாவுக்கு ஆடுவோம். எனக்குக் கை நல்லா வந்துச்சு. அண்ணனுக்கு வரலை. அவரு பாக்கறதோட சரி.”

அண்ணன் என்றது என் பெரியப்பாவை. திருப்பனந்தாள் பக்கம் போய் அங்கேயே குடியேறிவிட்டவர். சில வருஷங்களுக்கு முன்னால் இறந்துபோனார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போவார். ஆனால் வீட்டுக்குள் வர மாட்டார். தெருவிலேயே யாரோடாவது பேசிக்கொண்டு நின்றுவிட்டு, பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவார். ஏதோ பழைய மனஸ்தாபம், சொத்துத் தகராறு என்று நினைத்திருந்தேன். பிரிக்க அவர்களுக்கு என்ன சொத்து இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

“அண்ணன் பண்ணைய விட்டுப் போறேன்னுட்டாரு. திருப்பனந்தாள்ல ஒரு மில்லுல ஆள் எடுக்கறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பண்ணையாள் தானா போறேன்னு சொல்லலாமா? களத்துக்கு இழுத்துட்டு வரச் சொன்னாரு காரியக்காரரு. எல்லாரையும் சுத்தி நிக்க வச்சாங்க.”

காரியக்காரர் என்பவர் பண்ணையை முன்னின்று நடத்துகிறவர். முதலாளி பட்டணத்தில் இருப்பார், இவர்தான் இங்கே எல்லாம்.

“நான் வைக்கோல்போர்கிட்ட மாட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ‘டேய், நீதான நல்லா கம்பு சுத்துவ, வாடா’ன்னு என்னைக் கூப்பிட்டாரு. கம்பைக் கையில குடுத்தாரு.”

அதோடு நிறுத்திவிட்டார். வெளியே யாரோ டிராக்டரைப் பின்னால் எடுக்கும் சத்தம். நான் காத்திருந்தேன். என் கதைக்கு இன்னும் இடம் இருந்தது.

“மாட்டேன்னீங்க. அதுக்கு உங்களை அடிச்சாங்க. அதானேப்பா?”

அப்பா இல்லை என்று தலையசைத்தார்.

“நான்தான் அடிச்சேன் பாப்பா.”

அவர் நிறுத்தவில்லை.

“மொதல்ல மெதுவாத்தான் போட்டேன். அண்ணன் தலையைத் திருப்பாமயே சொன்னாரு. ‘ஓங்கி அடிடா தம்பி. மெதுவா அடிச்சா திரும்ப மொதல்லேந்து ஆரம்பிப்பாங்க’ன்னாரு. ஓங்கி அடிச்சேன். எங்க போட்டா சத்தம் பெருசா வரும், எலும்புல படாதுன்னு எனக்குத் தெரியும். பாத்துப் பாத்துத்தான் போட்டேன். ஆனா கடைசியில…”

வலது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

“கடைசியில கை தானா போச்சு. பழகின கை பாரு. நான் பாக்கல, அதுவா போச்சு. அதுக்கப்புறம் இந்தக் கையில நான் கம்பு, தடி எதையும் புடிக்கலை.”

அப்பாவை அப்போது எப்படிப் பார்த்தேன் என்று உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது இரக்கம் இல்லை. ஏமாந்த உணர்ச்சி. இத்தனை வருஷம் யாருக்காக ஆத்திரப்பட்டேன்? பெரியப்பாவின் முகம் கண்முன் வந்து நின்றது. நன்றாகச் சிரிப்பார். எனக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு ஒரு தார் பூவன்பழத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தவர். அன்றைக்கும் அப்பா கொல்லைப்பக்கமாக எங்கோ போய்விட்டார்.

இரக்கம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. வந்ததும் தாங்க முடியாமல் வந்தது. அந்தக் காரியக்காரர் கையில் கம்பைப் பிடிக்கவே இல்லை. ஒரு சின்ன வேலையைக் கொடுத்து ஒரு குடும்பத்தையே உடைத்துவிட்டுப் போய்விட்டார்.

“நான் கம்பு பழகலைப்பா. விட்டுடறேன்” என்றேன்.

“அதை நான் சொல்லக்கூடாது” என்றார் அப்பா. “வேணும்னு சொல்லவும் கூடாது, வேணாம்னு சொல்லவும் கூடாது. அண்ணி இருக்காங்கல்ல. என்னை அங்க கூட்டிட்டுப் போ. அவங்க சொல்லட்டும்.”

திருப்பனந்தாள் பக்கம்

விஜயதசமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாடகைக் காரில் கிளம்பினோம். கும்பகோணம் தாண்டியதும் சாலையில் பாதி நெல். கார் நெல்லை ஒதுக்கி ஒதுக்கிப் போனது. அப்பாவுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்க நான் தலையணை வைத்திருந்தேன். அதைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியம்மா வீடு கொஞ்சம் மேடு. வாசலில் உயரமான படிகள். நான் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் பிடித்துத்தான் அப்பாவை மேலே ஏற்றினோம். அந்த வீட்டு வாசலை அப்பா அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தாண்டினார்.

பெரியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர். கண் நன்றாகத் தெரியும், காது அதைவிட நன்றாகக் கேட்கும். எங்களைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை.

“வா தம்பி. உக்காரு.”

அப்பா உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

“அண்ணி, பாப்பா கம்பு பழகப் போறேங்குது. சரின்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. நீங்க சொல்லுங்க. வேணாம்னா வேணாம்.”

பெரியம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதைக் கேக்கவா வந்தே? இந்த வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்க வராதவன், இதைக் கேக்க வந்தியா?”

அப்பா தரையைப் பார்த்தார்.

“உக்காரு மொதல்ல. இடுப்புல தகடு வச்சிருக்காம்ல.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். பெரியம்மா இப்போது டிவியை அணைத்தார்.

“களத்துல நானும்தான் தம்பி நின்னேன். நீ போர்கிட்ட மாட்டோட நின்னே, உனக்குக் கேட்டிருக்காது. காரியக்காரரு மொதல்ல உன்னையா கூப்பிட்டாரு? அவருகிட்ட தடியோட ஒருத்தன் இருந்தானே, அவன்தான் வந்து நின்னான். அவன் அடிச்சு எழுந்திரிக்காமப் போனவங்க நம்ம தெருவுலயே இருந்தாங்க. உங்கண்ணன்தான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாரு, ‘என் தம்பி அடிக்கட்டும்ங்க’ன்னு. காரியக்காரருக்கு அது இன்னும் இனிப்பா இருந்துச்சு. சிரிச்சாரு. அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டாரு.”

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“அண்ணனா கேட்டாரு?”

“ஆமா. உன் கைதான் பாத்து விழும்னு அவருக்குத் தெரியும். அதனாலதான மறுவாரமே மூட்டை தூக்கற வேலைக்கு இங்க வந்து சேந்தாரு. அந்தத் தடியன் அடிச்சிருந்தா வந்திருப்பாரா?”

“ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?”

அப்பா கேட்டது குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“சொல்லத்தான் வந்தாரு, எத்தனையோ தடவை. நீ நின்னாத்தான? அவரு தலை தெரிஞ்சா நீ அந்தப் பக்கம் போயிடுவ. நான்கூடச் சொன்னேன், வீட்டுக்குள்ள புடிச்சி உக்கார வச்சுச் சொல்லிடுங்கன்னு. ‘நானாப் போயி சொன்னா அவனை மன்னிச்ச மாதிரி ஆயிடும். மன்னிக்க அவன் என்னடி தப்புப் பண்ணினான்? அவனா ஒரு நாளு வருவான், அப்பச் சொல்லிக்கலாம்’னாரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அழவில்லை. விரித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவின் படம் மாலையோடு எதிர்ச்சுவரில் இருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றார் பெரியம்மா. இதற்குமுன் இருந்த கண்டிப்பு குரலில் இல்லை. “அடிச்சு முடிச்சதும் நீ கம்பைப் போட்டுட்டு வாய்க்காலைத் தாண்டி ஓடிட்ட. அவரு தரையில கையை ஊனி எழுந்திருச்சாரு. ‘தம்பி எங்க, தம்பி எங்க’ன்னு சுத்திமுத்திப் பாத்தாரு. உன் தோளைப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்கு நடக்கணும்னு அவருக்கு. நீ இல்ல. நான்தான் கூட்டிட்டு வந்தேன்.”

பெரியம்மா நாற்காலியோரம் சாய்த்திருந்த கைத்தடியை ஊன்றி எழுந்துபோய்க் காப்பி போட்டு, மறுகையில் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்ததும்தான் பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீ பழகும்மா. எவன் சொன்னாலும் எவனையும் அடிக்காத. அவ்வளவுதான்.”

கிளம்பினோம். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்பது இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தெரியும். அப்பா வாசலில் நின்று படிகளைப் பார்த்தார். நான் பிடிக்கப் போனேன். பெரியம்மா என்னைக் கையால் தடுத்துவிட்டு, தான் ஊன்றி வந்திருந்த கைத்தடியை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா கையை நீட்டவில்லை.

“உங்கண்ணன் வச்சிருந்ததுன்னு நினைச்சிக்காத. எனக்கு ரேஷன் கடைக்குப் போக வாங்கினது. புடி. படி ஒசரம்.”

பெரியம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. தடி இல்லாமல் அவர் நிற்பதே சிரமமாக இருந்தது. அப்பாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் கார் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்பா தடியை முதல் படியில் ஊன்றினார். பிறகு காலை வைத்தார்.